நியூசிலாந்து மிஷன் கூடுகைக்கு வொலண்டியராகப் போகிறேன், மாவோரி வரவேற்பு பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மஸ்கெலியாக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

எனக்குச் சொந்த இடம் மஸ்கெலியா பக்கம் ஒரு தோட்டம். ஹட்டனில் முன்பள்ளி ஒன்றில் படிப்பிக்கிறேன், சபையில் ஓய்வுநாள் பாடசாலையும் வாலிபர் ஐக்கியமும் பார்க்கிறேன். வருகிற ஜனவரியில் நியூசிலாந்தின் வட தீவில் ஒரு மிஷன் கூடுகை இருக்கிறது, ஆறு நாள். எங்கள் சபையிலிருந்து நாலு பேர் வொலண்டியராகப் போகிறோம். மேடை வேலை எதுவும் இல்லை. சமையலறை, பாத்திரம், சின்னப் பிள்ளைகளின் வகுப்பு, அவ்வளவுதான். டிக்கெட் காசில் பாதியைச் சபை தருகிறது, மீதியைச் சீட்டுக் கட்டிச் சேர்த்தேன்.

வந்த கடிதத்தில், முதல் இரண்டு இரவும் அந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் மரயேயில், அதாவது அவர்கள் கூடுகிற பொது இடத்தில், தங்க வேண்டும், போய் இறங்கியதும் போஃபிரி என்ற வரவேற்பு நடக்கும், மூக்கோடு மூக்கு வைத்து வணக்கம் சொல்வார்கள், பேச்சு முடிந்ததும் நாங்கள் ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். என்ன பாட்டு, எப்போது எழும்புவது, யார் முன்னுக்குப் போவது என்று ஒன்றும் விளங்கவில்லை. தெரியாமல் ஏதாவது செய்து அவர்கள் மனதை நோகடித்துவிடக் கூடாது என்பதுதான் என் பயம்.

அடுத்தது அம்மா. யூடியூபில் அந்த மரயே வீட்டைக் காட்டினேன். தூண் முழுக்க நாக்கை நீட்டிக்கொண்டு செதுக்கிய உருவங்கள், கண்ணில் சிப்பி பதித்துப் பளபளவென்று இருக்கிறது. "விக்கிரகம் இருக்கிற வீட்டிலா பிள்ளை பாய் போட்டுப் படுக்கப் போறே" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

கடைசியாக ஒன்று, இதுதான் என்னை ரொம்பவும் யோசிக்க வைக்கிறது. அவர்கள் தங்களை அறிமுகப்படுத்தும்போது முதலில் தங்கள் மலையின் பெயரைச் சொல்வார்களாம், அப்புறம் ஆறு, அப்புறம் முன்னோர் ஏறி வந்த தோணி, அப்புறம் இனம், தன் பெயர் கடைசியில்தான். நாங்களும் அப்படி ஒரு அறிமுகம் தயார்செய்து வர வேண்டுமாம். எங்கள் வீட்டில் மலை என்றால் தோட்டத்தில் நம்பர் போட்டுப் பிரித்த தேயிலை மலைதான், ஏழாம் நம்பர் மலை, பன்னிரண்டாம் நம்பர் மலை. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக் களத்திலிருந்து அம்மா எந்த நம்பர் மலைக்குப் போகிறார் என்பதை வைத்துத்தான் அன்றைக்குச் சோறு கட்டுவதா, பகலைக்கு வந்து சாப்பிடுவாரா என்று தெரியும். படுக்கிற லயத்துக் காம்பராவுக்கே உறுதி இல்லாத வீட்டுப் பிள்ளை "என் மலை" என்று எதைச் சொல்வது? உண்மையாகத்தான் கேட்கிறேன்.


நுவரெலியா_அண்ணன்:

தங்கச்சி, பயப்படாமல் போய் வா. நானும் சில வருடத்துக்கு முன் இதே மாதிரி ஒரு கூடுகைக்குக் கதிரை அடுக்கப் போனவன்தான். நடந்ததை அப்படியே சொல்கிறேன், இடத்துக்கு இடம் முறை மாறும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்.

வாசலுக்கு வெளியே எல்லோரும் கூட்டமாக நிற்க வேண்டும். தானாக உள்ளே போகக் கூடாது, அவர்கள் கூப்பிட்ட பிறகுதான் போகலாம். கூப்பிடுவது ஒரு பெண். கரங்கா என்பார்கள். வயதான ஒரு அம்மா கறுப்பு உடுப்பில் அந்த வீட்டுத் திண்ணையில் நின்று நீட்டி ஒரு குரல் கொடுத்தார், அதைக் கேட்டதும் எனக்கு எங்கள் ஆயா செத்த வீட்டில் வைத்த ஒப்பாரி ஞாபகம் வந்து நெஞ்சு அடைத்துவிட்டது. பிறகுதான் சொன்னார்கள், அந்த அழைப்பில் அவர்களுடைய இறந்தவர்களையும் நம்முடைய இறந்தவர்களையும் சேர்த்தே கூப்பிடுகிறார்களாம். நம் பக்கத்திலிருந்தும் ஒரு பெண் பதில் குரல் கொடுக்க வேண்டும், அதற்கு அங்கேயே ஆளை ஏற்பாடு செய்திருப்பார்கள். பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால், மெதுவாக நடக்க வேண்டும். நடுவில் ஒரு இடத்தில் எல்லோரும் நின்று தலை குனிந்து இறந்தவர்களை நினைப்பார்கள், நீயும் நில். பெரிய ஆட்கள் வரும்போது ஒருவர் ஈட்டி மாதிரியான ஆயுதத்தைச் சுழற்றிக்கொண்டு வந்து தரையில் ஒரு இலையை வைப்பார், நம் பக்கத்துத் தலைவர் அதை எடுத்தால் சமாதானமாக வந்திருக்கிறோம் என்று அர்த்தம். அந்த நேரம் சிரிக்கவும் கூடாது, படம் பிடிக்கவும் கூடாது.

உட்கார்ந்ததும் பேச்சு. பேசுகிறவருக்கும் கூட்டத்துக்கும் நடுவால் குறுக்கே போகக் கூடாது. ஒவ்வொரு பேச்சு முடிந்ததும் பேசியவரின் ஆட்கள் எழும்பிப் பக்கத்தில் நின்று பாடுவார்கள், அவர் சொன்னதற்கு நாங்களும் துணை என்று காட்டுவதுதான் அந்தப் பாட்டு. அதனால் குரல் நல்லதா என்று யாரும் பார்க்க மாட்டார்கள், நாலு பேரும் சேர்ந்து எழும்பினீர்களா என்றுதான் பார்ப்பார்கள். மனப்பாடமாகத் தெரிந்த தமிழ்க் கீர்த்தனை ஒன்றை எடு, இரண்டு சரணம் போதும். போனைப் பார்த்துப் பாடாதே. நாங்கள் இங்கிலீஷ் பாட்டு ஒன்றைப் பழகிக்கொண்டு போனோம், பாடி முடித்ததும் ஒரு பெரியவர் வந்து "உங்கள் பாஷையில் பாட்டு இல்லையா" என்று கேட்டார். எனக்கு இன்றைக்கும் அது மனதில் இருக்கிறது.

நம் பக்கத்துக் கடைசிப் பேச்சாளர் ஒரு கடித உறையைத் தரையில் வைப்பார், அது கோஹா, நம் ஊரில் மொய் மாதிரி. உங்கள் குழுவிலிருந்து யார் சேர்க்கிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்.

ஹொங்கி கடைசியில். வரிசையில் போய் வலது கையைப் பிடித்து, நெற்றியும் மூக்கும் மெதுவாகத் தொடுகிற மாதிரி ஒரு மூச்சு நேரம். மூச்சைப் பகிர்வதுதான் அதன் கருத்து. அது முடிந்து தேநீர் குடித்த பிறகு நீ விருந்தாளி இல்லை, வீட்டு ஆள்.

மலை விஷயத்தில் என்ன குழப்பம்? மஸ்கெலியாவில் கண்ணைத் திறந்தால் சிவனொளிபாதமலை. அதைச் சொல்லிவிட்டு வா.


பண்டாரவளை_ஓய்வாசிரியர்:

மகள், அம்மாவின் கேள்விக்கு முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அது நியாயமான கேள்வி, அதை ஒதுக்கிவிட்டுப் போகக் கூடாது.

அந்தப் பெரிய வீட்டுக்கு ஃபரேநுயி என்று பெயர். அதை ஒரு முன்னோரின் உடம்பாகவே கட்டியிருப்பார்கள். முகட்டு வளை முதுகெலும்பு, கைமரங்கள் விலா எலும்பு, முன்பக்கத்தில் இரண்டு பக்கமும் சரிந்து இறங்குகிற பலகை கைகள். தூணில் இருக்கிற உருவங்களும் முன்னோர்கள்தான், இன்னார் இன்னார் என்று பெயரோடு சொல்வார்கள். கடவுள் என்று வைத்து அவற்றுக்குப் பூசை செய்வது இல்லை. உள்ளே சுவரில் இறந்தவர்களின் போட்டோக்களும் தொங்கும். அம்மாவிடம் இதைச் சொல்லிவிட்டு, உங்கள் காம்பராவில் தாத்தாவின் போட்டோ மாட்டியிருந்தால் அதையும் காட்டு. ஹொங்கிக்கு ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து, மனுஷனுடைய நாசியில் கர்த்தர் சுவாசத்தை ஊதின இடத்தை வாசித்துக் காட்டு. மாவோரியரின் பழைய கதையிலும் மண்ணால் செய்த முதல் பெண்ணுக்கு மூக்கு வழியாகத்தான் உயிர்மூச்சு வருகிறது. அந்த வீட்டில் காலையும் மாலையும் கராக்கியா, அதாவது ஜெபம், இருக்கும், பெரும்பாலும் இயேசுவின் பெயரிலேயே இருக்கும்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டு போ. 1814 கிறிஸ்துமஸ் அன்று சாமுவேல் மார்ஸ்டன் என்ற குருவானவர் அங்கே ஓய்ஹி கடற்கரையில் முதல் ஆராதனை நடத்தினார். அவர் தானாகப் போய் நின்றுகொண்டு பிரசங்கம் பண்ணவில்லை. ருவாதாரா என்ற மாவோரித் தலைவர்தான் இடத்தை அடைத்து, பிரசங்க மேடை வைத்து, பழைய தோணிகளைப் போட்டு இருக்கை ஆக்கி, ஆட்களைக் கூட்டி, பேச்சையும் மொழிபெயர்த்துச் சொன்னவர். மிஷன் கதையைச் சொல்லும்போது அழைத்தவரை விட்டுவிட்டு வந்தவரை மட்டும் சொல்வது நம் வழக்கமாகிவிட்டது, எனக்கு அதில் மனவருத்தம் உண்டு. அதே 1814 ஜூனில்தான் முதல் மெதடிஸ்த மிஷனரிகள் காலியில் வந்து இறங்கினார்கள். மார்ஸ்டன் எந்தச் சங்கத்துக்காகப் போனாரோ அதே சீ.எம்.எஸ். (சேர்ச் மிஷனரி சொசைட்டி) இலங்கைக்கு 1818இல் வந்தது, 1854இல் கோப்பித் தோட்டங்களில் நம் ஆட்கள் மத்தியில் வேலை தொடங்கியது. அந்த வேலைக்கு அவர்கள் வைத்த பெயர் "தமிழ்க் கூலி மிஷன்". பள்ளிக்கூடமும் வேதமும் வந்தது அவர்களால்தான், நன்றியோடு சொல்கிறேன். அந்தப் பெயரில் இருக்கிற சொல்லையும் மறக்காமல் சொல்கிறேன்.

அங்கேயும் இரண்டும் கலந்துதான் இருக்கிறது. 1840 பெப்ரவரி 6இல் வைத்தாங்கி ஒப்பந்தம் கையெழுத்தானது, அதை மாவோரி மொழியில் ஆக்கியவர்கள் ஹென்றி வில்லியம்ஸ் என்ற மிஷனரியும் அவர் மகனும். இங்கிலீஷ் பிரதியில் இறையாண்மையையே கொடுத்ததாக இருக்கிறது, மாவோரிப் பிரதியில் நிர்வாகம் மட்டும் என்கிற மாதிரியான சொல் இருக்கிறது. அந்த வித்தியாசத்தில் போன காணி கொஞ்சமல்ல. பள்ளிக்கூடத்தில் தாய்மொழி பேசிய பிள்ளைகளை அடித்த காலமும் இருந்தது, 1987இல்தான் அந்த மொழிக்கு அரச மொழி என்ற இடம் கிடைத்தது. அதனால் அங்கே ஒரு மூதாட்டி தன் மொழியில் உன்னைக் கூப்பிடும்போது அது எத்தனை பேர் காப்பாற்றி வைத்த குரல் என்று நினைத்துக்கொண்டு நட.


ஓக்லாந்து_தலவாக்கலை:

தங்கச்சி, நான் தலவாக்கலைப் பிள்ளை, இங்கே வயோதிபர் இல்லமொன்றில் வேலை. ஐயா சொன்னதெல்லாம் சரி. நான் சமையலறைக் கதையைச் சொல்கிறேன், உனக்கு அங்கேதானே வேலை.

மரயே சமையலறையில் நிற்கிறவர்களுக்கு ரிங்கவேரா என்று பெயர், சூடான கைகள் என்று அர்த்தம். அங்கே ஒரு சொல் வழக்கு இருக்கிறது, பின்னால் நன்றாக இருந்தால்தான் முன்னால் நன்றாக இருக்கும் என்று. வெளியே எவ்வளவு பெரிய பேச்சு நடந்தாலும் விருந்தாளிக்குச் சாப்பாடு குறைந்தால் அந்த மரயேக்கே தலைகுனிவு, அதனால் சமையலறை ஆட்களுக்கு மரியாதை அதிகம், சாப்பாடு முடிந்ததும் அவர்களை வெளியே கூப்பிட்டு நின்று பாடி நன்றி சொல்வார்கள். அங்கே போய் கேட்காமலே துவாயை எடுத்துப் பாத்திரம் துடைக்கத் தொடங்கு, பத்து நிமிடத்தில் உன்னிடம் குடும்பக் கதை கேட்பார்கள்.

சில முறைகள் கட்டாயம். மேசையில் உட்காராதே, உன் பையையும் அதன்மேல் வைக்காதே. தலையணையில் உட்காராதே, அது தலை வைக்கிற இடம், தலை அவர்களுக்குப் புனிதம், அதனால் சின்னப் பிள்ளைகளின் தலையையும் நம் பழக்கத்தில் தடவிவிடாதே. பாத்திரம் துடைக்கிற துவாயை உடுப்போடு சேர்த்துக் கழுவக் கூடாது. பெரிய வீட்டுக்குள் செருப்பும் இல்லை, சாப்பாடும் இல்லை. இரவில் எல்லோரும் ஒரே மண்டபத்தில் மெத்தை போட்டுப் படுப்போம், ஆட்களைத் தாண்டி மிதிக்காமல் கால்மாட்டால் சுற்றிப் போ. லயத்தில் வளர்ந்த உனக்கு இது ஒன்றும் புதிதாக இருக்காது.

ஹாங்கி என்கிற மண்குழிச் சமையல் போட்டால் விடியவே எழும்பிப் போய்ப் பக்கத்தில் நில். குழி வெட்டி, விறகு அடுக்கி, மேலே கல்லை வைத்து எரிப்பார்கள். கல் வெடிக்காத கல்லாக இருக்க வேண்டும், அதனால் எரிமலைக் கல்லைத் தேடி எடுத்து வருடக்கணக்கில் பத்திரமாக வைத்திருப்பார்கள், சில இடத்தில் பழைய ரயில் தண்டவாளத் துண்டும் போடுவார்கள். கல் பழுத்ததும் சாம்பலை வாரிவிட்டு, கம்பிக் கூடையில் இறைச்சி கீழே, அதன்மேல் உருளைக்கிழங்கு, பூசணி, கோவா, அப்புறம் கூமரா, அது நம் வத்தாளைக்கிழங்குதான். ஈரச் சாக்குப் போட்டு மண்ணால் மூடி, மூன்று மணித்தியாலத்துக்கு மேல் விடுவார்கள். எங்கேயாவது ஆவி பீறிட்டால் உடனே ஒரு மண்வெட்டி மண்ணை அதன்மேல் போட வேண்டும், அந்த வேலையை எனக்குத் தந்தார்கள். திறந்ததும் வருகிற மணம், மழை நாளில் வீட்டு அடுப்புச் சாம்பலில் அம்மா புதைத்து வைத்த கிழங்கை எடுக்கிற மணம்தான். நான் அங்கேயே அழுதுவிட்டேன், ஊரை விட்டு வந்து மூன்றாம் வருடம் அது.

விமான நிலையத்தில் சாப்பாட்டுச் சாமான், விதை, மரம், தோல் எது இருந்தாலும் படிவத்தில் எழுதிக் காட்டு. காட்டாமல் மாட்டினால் அங்கேயே 400 டொலர் தண்டம். பக்கெட்டில் அடைத்த தேயிலை கொண்டு வரலாம், ஆனால் அதையும் எழுது. கறிவேப்பிலை வேண்டாம். தப்பு மேளம் கொண்டுவர யோசித்தால் அது தோலும் மரமும், நன்றாகச் சுத்தம் செய்து, கட்டாயம் எழுதிக் காட்டு. சேறு ஒட்டின சப்பாத்தையும் பார்ப்பார்கள், கழுவிக்கொண்டு வா.

அண்ணா சொன்ன மலை விஷயத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் வேறு அபிப்பிராயம். "இன்ன மலை என் மலை" என்கிற அந்த வாக்கியம் அவர்களுக்கு வம்சத்தைச் சொல்வது, நாங்கள் அந்த மலையின் பிள்ளைகள் என்று சொல்வது. எங்கள் வேலையிடத்தில் மாவோரி மொழி படிப்பித்த அம்மா, வெளியிலிருந்து வந்தவர்கள் அதை அப்படியே எடுத்து நிரப்பாமல், "இன்ன மலையின் நிழலில் வளர்ந்தேன்" என்று சொல்வது நல்லது என்றார். தெரிந்த பெரிய பெயர் என்பதற்காகச் சொல்லாதே. உனக்கும் அதற்கும் என்ன உறவோ அதைச் சொல்.


நுவரெலியா_அண்ணன்:

அக்கா சொல்வது விளங்குகிறது, நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். ஆனால் ஒன்று. நிழலில் வளர்ந்தேன் என்று சொல்கிற உரிமையாவது இந்தப் பிள்ளைக்கு இருக்கிறது என்று நாம் சொல்லித்தான் ஆக வேண்டும். ஐந்து தலைமுறையாக அந்த மண்ணில் புதைத்திருக்கிறோம். 1948இல் தோட்டத் தமிழரான நம் ஆட்களின் குடியுரிமையைப் பறித்தார்கள், 2003 வரைக்கும் மிச்சப் பேர் காத்திருந்தார்கள், அப்போதும் மலை அங்கேயேதான் இருந்தது, நாமும் அங்கேயேதான் இருந்தோம்.


பண்டாரவளை_ஓய்வாசிரியர்:

மகள், தோணியை விட்டுவிடாதே. மலையைவிட அது உனக்கு இலகுவாக வரும். தமிழ்நாட்டுக் கரையிலிருந்து கடல் தாண்டித் தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள் நம் ஆட்கள். 2023இல் நம் ஆட்கள் வந்து இருநூறு வருடம் என்பதை நினைத்து, மலையகம் இருநூறு என்று அதே வழியில் நடந்தார்களே, தெரிந்திருக்கும். தோணியின் பெயர் தெரியாது என்றால் தெரியாது என்றே சொல். பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை என்பதும் உன் கதைதான்.


மஸ்கெலியாக்காரி:

எல்லோருக்கும் நன்றி சொன்னால் போதாது. அம்மாவுக்கு ஆதியாகமம் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, தாத்தா படத்தை நாம கும்பிடுறதில்லையே" என்றார். இப்போது கம்பளிச் சட்டை மடித்து வைக்கிறார், அங்கே ஜனவரி வெயில் காலம் என்று சொன்னாலும் கேட்கிறார் இல்லை.

மற்றதைப் போய் வந்து எழுதுகிறேன்.


மஸ்கெலியாக்காரி:

பெப்ரவரி முதல் கிழமையில் வந்து சேர்ந்தேன், இப்போதுதான் எழுத முடிந்தது.

வரவேற்பு அண்ணன் சொன்ன மாதிரியே நடந்தது. கீர்த்தனை பாடினோம், கூட வந்த தம்பி சுருதியை மேலே எடுத்துவிட்டான், ஆனாலும் நாலு பேரும் ஒன்றாக எழும்பினோம். நான் எழுத நினைப்பது இரண்டாம் இரவு.

எல்லோரும் மெத்தையில் உட்கார்ந்திருக்க, ஒவ்வொருவராக எழும்பி அறிமுகம். என் முறை வந்ததும் எழுதி வைத்த தாளைக் கையிலேயே மடித்துக்கொண்டேன். சிவனொளிபாதமலையின் நிழலில் வளர்ந்தேன் என்றேன். இந்த மாதத்தில் இரவு எங்கள் லயத்து வாசலில் நின்றால் மலைப் படி நெடுக லைட் எரிவது அடிவாரத்திலிருந்து உச்சி வரைக்கும் கோடு மாதிரித் தெரியும், இந்த வருடம் அதை விட்டுவிட்டு உங்களிடம் வந்திருக்கிறேன் என்றேன். எங்கள் ஆறு மஸ்கெலியா ஓயா, அது கெசல்கமு ஓயாவோடு சேர்ந்து களனி கங்கையாகிக் கொழும்பில் கடலுக்குப் போகிறது என்றேன். தோணியின் பெயர் தெரியாது, இறங்கிய பிறகு நடந்தார்கள், வழியில் செத்தவர்களின் பெயரும் தெரியாது என்றேன். அப்புறம், எழுதி வைக்காத ஒன்று வாயில் வந்துவிட்டது. என் அம்மாவின் மலைக்குப் பெயர் இல்லை, நம்பர்தான், ஏழு, அதில் முப்பத்திரண்டு வருடமாகக் கொழுந்து எடுக்கிறார், அந்த மலையையும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன் என்று சொல்லி, என் பெயரைச் சொல்லி, நின்றேன்.

என்னோடு வந்தவர்கள் பாட எழும்ப வேண்டும், ஆனால் அவர்கள் அழுதுகொண்டிருந்தார்கள். அப்போது மூலையில் இருந்து சமையலறை அம்மா, இரண்டு நாளாக என்னோடு உருளைக்கிழங்கு தோல் சீவியவர், முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பி வந்து என் பக்கத்தில் நின்று பாடத் தொடங்கினார். அந்த வீட்டு ஆட்கள் எல்லோரும் எழும்பினார்கள். எனக்குத் துணையாக அவர்கள் பாடினார்கள்.

அடுத்த நாள் காலை பாத்திரம் கழுவும்போது அந்த அம்மா என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, உன் அம்மாவின் கை எப்படி இருக்கும் என்று கேட்டார். கொழுந்துச் சாயம் ஏறி விரல் வெடிப்பெல்லாம் கறுப்பாக இருக்கும், எலுமிச்சம்பழம் தேய்த்தாலும் போகாது என்றேன். போனில் அம்மாவைக் காட்டச் சொன்னார். அங்கே காலை நேரம் ஊரில் நடுச்சாமம், அதனால் பின்னேரம் வரைக்கும் பொறுத்திருந்து எடுத்தோம். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷை இல்லை. அம்மா போனுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார், அந்த அம்மாவும் தன் கையை விரித்துக் காட்டினார்.

வந்த பிறகு நம் வாலிபர் ஐக்கியத்தில் பிள்ளைகளிடம் மலை, ஆறு, வந்த வழி சொல்லி அறிமுகம் செய்யச் சொன்னேன். மாவோரி வாக்கியத்தை எடுக்கவில்லை, நம் தமிழில்தான். ஒரு பையன் எழும்பி, எங்கள் தாத்தாவின் ஊர் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்துக்கு அடியில் இருக்கிறது, தண்ணீர் வற்றுகிற வருடம் பழைய கோயில் தெரியும், அப்போது போய்க் காட்டுவார் என்றான். பக்கத்தில் இருந்தவர்களுக்கே அது தெரியாது. நாலைந்து பேருக்குத் தங்கள் தோட்டத்து வழியாக ஓடுகிற ஆற்றின் பெயர் தெரியவில்லை, "ஆறு" என்றுதான் சொன்னார்கள்.

அதனால் ஒரு உதவி. நோர்வூட், மஸ்கெலியா பக்கத்து ஓடை, ஆறுகளின் பெயர் போட்ட பழைய வரைபடம், அணை கட்டுவதற்கு முந்தியது, யாரிடமாவது இருக்கிறதா? ஐயா, உங்களிடம் இருக்கும் என்று நினைக்கிறேன். இருந்தால் படம் எடுத்து இங்கேயே போட்டுவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.